சாட்சிக் கூண்டில் ஏறப்போகும் என் மகனுக்கு

பிரபா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன வாரம் உன் அப்பா சிதம்பரம் வந்து உன்னைப் பார்த்துவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னார். மாடி வீட்டுக்குக் குடிபோயிருக்கிறாயாம். கல்யாண மண்டபம் பேசியாகிவிட்டதாம். பெண் வீட்டுக்காரர்கள் மங்கலம்பேட்டையிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார்களாம். அவர் சொல்லச் சொல்ல நான் கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தேன். கடைசியில் தயங்கித் தயங்கி, "அவன் உன்ன ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்குனான். பொதன்கெழம கோர்ட்டு பக்கம் வராதயாம்" என்றார். அதற்கான பதில்தான் இந்தக் கடிதம். நான் வருகிறேன்.

இது முதலில் உன் கைக்கு வரும். புதன்கிழமை கழிந்தபிறகு கம்பெனிக்கு எதிராகப் போராடும் நம் ஊர்ப் பிள்ளைகள் மாதாமாதம் போடும் தாளில் அச்சாகும். அந்தத் தாளை ஆரம்பித்தவனே நீதான் என்பதால் அதைப் பற்றி உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உன்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுந்தர்தான், செல்போன் கடையையும் பார்த்துக்கொண்டு, இப்போது அதை அச்சடிக்கிறான். இதைப் போடுவதில் ஜெசிமாவுக்கு இஷ்டமில்லை. "குடும்ப விஷயம் மாமி, வேணாம்" என்றாள். அவள்தான் கல்லை வீசினாள் என்று போலீஸ் ஸ்டேஷனில் நீ வாக்குமூலம் கொடுத்த அன்றே இது குடும்ப விஷயமாக இல்லாமல் போய்விட்டது. நீ சொன்னது டீக்கடைவரைக்கும் போயிருக்கிறது. நான் சொல்வதும் அங்கெல்லாம் போகட்டும்.

நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் மறந்துபோனதுபோல நடக்கிறாய் என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இந்தப் போராட்டம் எதையும் நான் விரும்பியவள் இல்லை. தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரில் இட்லிக் கடை போட்டுப் பிழைத்தவள் நான். உள்ளே கம்பெனி ஓடினால்தான் வெளியே என் அடுப்பு எரியும். காலையில் வரும் மருந்து வாடை எனக்குப் பழகிப்போயிருந்தது. கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்தது, கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். மூட்டை தூக்கும் ஆட்கள் இட்லிக்கு ஸ்பூன் கேட்டார்கள். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையில் நாற்றம் போகவில்லை, அந்தக் கையால் வாய்க்குள் வைக்க முடியவில்லை என்றார்கள். நான் ஸ்பூன் வாங்கிப் போட்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. நீ சிதம்பரத்தில் வேதியியல் படிக்கப் போனாய், உன் வகுப்பில் படித்த ஜெசிமாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தாய். இரண்டு பேரும் வீடு வீடாகப் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்தீர்கள். அன்றைக்கே கம்பெனி காண்ட்ராக்டர் என் கடைக்கு வந்து, "ஒம் புள்ளய படிக்கிற வேலய மட்டும் பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று உன்னை நான் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது. நீ எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் கடைக்கு வந்து பாத்திரம் கழுவ உட்கார்ந்தாய். சாப்பிட வந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்து, கையை விரித்துக் காட்டச் சொன்னாய். நகம் மஞ்சளாகிப் போனவர்கள், தோல் உரிந்தவர்கள். அதுவரை அவர்கள் தட்டைத்தான் நான் பார்த்திருந்தேன், கையைப் பார்த்ததில்லை. "இவுங்கல்லாம் சாப்புடத்தான் நீ சமைக்கிற. இவுங்க கையப் பாத்துட்டு என்னத் திட்டும்மா" என்றாய். அதன்பிறகு நான் உன்னைத் திட்டவில்லை. அந்த மாதமே கிராமசபையில் எழுந்து நின்று பேசினேன். வாழ்நாளில் முதல்தடவையாக மைக்கைப் பிடித்தேன். நீ பின்னால் நின்றிருந்தாய். அந்தப் பிள்ளைக்காகத்தான் நான் ஊரோடு பகைத்துக்கொண்டேன். இப்போது கம்பெனி வண்டியில் வந்து இறங்குகிறவனுக்காக இல்லை.

நீங்கள் செய்ததெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சொன்னவர்கள் அப்போது நிறையப் பேர். புயல் பாதுகாப்பு மையத்தில் கூடுவீர்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள்கூட வருவார்கள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது, அதை எந்த அதிகாரியிடம் சொல்ல வேண்டும், மனுவை எப்படி எழுத வேண்டும் என்று ஜெசிமா சொல்லிக்கொடுப்பாள். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனீர்கள். போலீஸ்காரர்கள் விரட்டினால் செம்மண்டலத்தில் அப்பா கொத்து வேலை பார்க்கும் இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பீர்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போவீர்கள். ஆற்றில் கழிவு இறக்கிய குழாய் ஒன்றைக் கடைசியில் அதிகாரிகள் வந்து மூடினார்கள். பெரிய மனுஷர்கள் இத்தனை வருஷம் பேசிப் பேசி மூட முடியாத குழாய். மீசை சரியாக முளைக்காத பையன்களும் தாவணி வயதுப் பெண்களும் மூட வைத்தார்கள். அன்று நான் கடையில் எல்லோருக்கும் கேசரி கிளறிக் கொடுத்தேன். என் பிள்ளை என்று நான் தலை நிமிர்ந்து நடந்த நாள் அது. அதையும் சேர்த்துத்தான் நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

பிறகு அந்தக் காலை வந்தது. கம்பெனியில் ஏதோ வால்வு விட்டுப்போய் புகை வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நின்ற பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உள்ளேயிருந்து ஒரு ஆள் வெளியே வந்து என்ன ஏது என்று கேட்கவில்லை. மறுநாள் ஊரே ரோட்டில் வந்து உட்கார்ந்தது. ஜெசிமா வரிசை வரிசையாக நடந்துபோய் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: உட்காருங்கள், யாரும் எழுந்திருக்காதீர்கள், எந்த வண்டியையும் தொடாதீர்கள், நம்மேல் தப்பு வந்துவிட்டால் பிள்ளைகள் வாந்தி எடுத்ததை யாரும் பேச மாட்டார்கள். தொண்டை கட்டிப்போகும்வரை சொன்னாள். மத்தியானத்துக்குமேல் போலீஸ் பாதுகாப்போடு டேங்கர் லாரி ஒன்றை வெளியே எடுத்தார்கள். ஓட்டி வந்தவர் ராஜமாணிக்கம். பெண்ணாடத்துக்காரர். தினமும் என் கடையில் நாலு இட்லி, ஒரு வடை சாப்பிடுகிறவர். சட்னி நன்றாக இருந்தால் சொல்லிவிட்டுப் போகிற மனிதர்.

நான் கடை ஓரமாக நின்றிருந்தேன். ஆட்டம் கொடுக்காமலிருக்க என் கடை பெஞ்சுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை நீ குனிந்து எடுத்தாய். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிழவர் சரிந்து விழப் பார்த்தார், நான் அவரைப் பிடித்தேன். நிமிர்ந்து பார்க்கும்போது உன் கை மேலே போயிருந்தது. லாரிக் கண்ணாடி உடைந்தது. ராஜமாணிக்கம் முகத்தைப் பொத்திக்கொண்டு இறங்கினார், விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. ஜெசிமா லாரியை நோக்கி ஓடினாள், அவரைத் தாங்கிப் பிடிப்பதற்காக. போலீஸ் அவளைத்தான் முதலில் அடித்தது. நீ என் கடைக்குப் பின்பக்கம் போய் நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். கோபத்தில் செய்துவிட்டுப் பயந்துபோன முகம். அதற்காக உன்னை நான் வெறுக்கவில்லை. முந்தின நாள் வாந்தி எடுத்த பிள்ளையை நெஞ்சில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ. உன் சட்டையை நான்தான் துவைத்தேன். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் எல்லோரையும் பிடித்தார்கள். நீ, ஜெசிமா, சுந்தர், இன்னும் ஊர்ப் பிள்ளைகள். கூட்டத்தில் யாரோ கல்லெறிந்தார்கள் என்றுதான் கேஸ். யார் என்று போலீசுக்குத் தெரியாது. ராஜமாணிக்கத்துக்கும் தெரியாது. ஆனால் ஜெசிமாவுக்கும் சுந்தருக்கும் தெரியும், அவர்கள் பார்த்தார்கள். ஜாமீனில் வெளியே வந்த அன்று கோர்ட்டு வாசலில் நான் ஜெசிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேச வாயெடுத்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை. "எனக்குத் தெரியும் மாமி. சேர்ந்துதான உக்காந்தோம். சேர்ந்தே பாத்துக்கலாம்" என்றாள். இத்தனைக்கும் கல்லெறிந்தது தப்பு என்று உன்னிடம் சண்டை போட்டவளும் அவள்தான். உன் முகத்துக்கு நேரே சொன்னாள், வெளியே ஒரு ஆளிடம் சொல்லவில்லை. ஸ்டேஷனில் எத்தனையோ விதமாகக் கேட்டும் அவள் வாயிலிருந்து உன் பெயர் வரவில்லை.

அந்தப் பெண் இதற்காக எதையெல்லாம் இழந்தாள் என்று நீ கணக்குப் பார்த்ததில்லை, நான் பார்த்தேன். சவூதியில் இருக்கும் அவள் அத்தா மாதக்கணக்கில் போனில் அவளோடு பேசவில்லை. பரங்கிப்பேட்டையில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஜெயிலுக்குப் போய்வந்த பெண் வேண்டாம் என்று விலகிப் போனார்கள். அவள் உம்மா என் கடைக்கே வந்து, "ஒங்க புள்ளயோட சேர்ந்துதான் எம் பொண்ணு கெட்டா" என்று அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்படியும் அவள் வாய்தா தவறாமல் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். ராஜமாணிக்கத்தைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் போனாள். மூன்றாவது தடவைதான் அவர் பேசினாராம். ஒரு கண் போய்விட்டது. லாரி ஓட்ட முடியாது. கம்பெனி அவரை அதோடு மறந்துவிட்டது. அவருக்கு நஷ்டஈடு கேட்டுக் கம்பெனிக்கு எதிராக மனு எழுதிக் கொடுத்ததும் அதே ஜெசிமாதான். அவரை ஒருமுறையாவது போய்ப் பார் என்று உன்னிடம் எத்தனை தடவை சொன்னேன். நீ போகவில்லை.

கேஸ் இருந்ததால் உனக்கு பாஸ்போர்ட் வரவில்லை, பரீட்சை பாஸ் செய்தும் வேலை வரவில்லை. உனக்குக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் சும்மா படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் கடையில் கம்பெனி ஆட்கள் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், வியாபாரம் பாதிக்குமேல் போய்விட்டது. அப்பாவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த கட்டட வேலையும் அடிக்கடி நின்றது. இதில் எதற்காவது உன்னை நாங்கள் குறை சொன்னோமா? ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலை கிடைத்திருக்கிறது என்று கிளம்பினாய். எங்கே என்று கேட்டதற்கு முழுங்கினாய். பிறகு ஒரு நாள் காலையில் கம்பெனி கேட்டுக்குள் நுழையப்போன வெள்ளை வண்டி என் கடைக்கு எதிரில் நின்றது. உள்ளேயிருந்து நீ இறங்கினாய். கழுத்தில் அடையாள அட்டை. சுற்றுச்சூழல் பிரிவில் அதிகாரி என்றாய். நான் கையில் கரண்டியோடு நின்றேன். "உள்ள இருந்தாத்தான் மாத்த முடியும்மா. வெளிய நின்னு கத்தி இன்னா ஆச்சி?" என்று கேட்டாய்.

நான் அதை நம்பினேன். நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சுந்தர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியபோது அவனோடு சண்டைக்குப் போனேன். படித்த பிள்ளை, உள்ளே போய் ஏதாவது செய்வான் என்று சொன்னேன். நீ செய்தது எல்லாம் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டதுதான். அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து கேட்டில் மாட்டியிருக்கிறார்கள். வாந்தி எடுத்த அதே பிள்ளைகளை உன்னைச் சுற்றி நிற்கவைத்திருக்கிறாய். ஆற்றில் மூடிய குழாய்க்குப் பதிலாக இன்னொரு இடத்தில் கழிவு இறங்குகிறது என்று போன மழைக்காலத்தில் பிள்ளைகள் கண்டுபிடித்து வந்தார்கள். அதை மறுத்துக் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட்டவன் நீ. அப்போதும் நான் பொறுத்துக்கொண்டேன். வயிற்றுப் பிழைப்பு, மேலே இருப்பவன் சொன்னால் செய்துதானே ஆக வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கடலூர் கோர்ட்டு வராந்தாவில் பிள்ளைகளுடைய வக்கீல் எங்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். குற்றவாளிகள் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டார்கள், இப்போது நீ போலீஸ் தரப்புச் சாட்சி. உன் வாக்குமூலத்தை அவர் வாசித்தார். ஜெசிமா கூட்டத்தைத் தூண்டிவிட்டாள், ஜெசிமாவே கல்லை எடுத்து வீசினாள், நான் நேரில் பார்த்தேன், தடுத்தும் கேட்கவில்லை. இவ்வளவும் உன் வார்த்தை. சுந்தர் எழுந்து வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டான். ஜெசிமா வக்கீலிடம், இனிமேல் நாங்கள் என்ன செய்ய வேண்டும் சார் என்று மட்டும் கேட்டாள். உன் பெயரை அப்போதும் சொல்லவில்லை. யார் எறிந்தது என்று வக்கீல் கேட்டார். சொன்னால் இந்தம்மா மனசு தாங்காது என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் அவளைக் காட்டிக் கொடுத்திருக்கிறான், அவள் எனக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றே நான் சிதம்பரம் பஸ் ஏறினேன். நீ கதவைத் திறந்ததும் சந்தோஷமாகத்தான் கூப்பிட்டாய், உள்ளே வா, புது ஃபேன் போட்டிருக்கிறேன் என்றாய். நான் உட்காரவில்லை. பேசியது எல்லாம் உனக்கு ஞாபகமிருக்கும். படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

"அவ கல்ல எடுத்தாளாடா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. மிஞ்சிப்போனா ஃபைன் போடுவாங்க. எனக்குன்னா வேலையே பூடும்."

"நான் அதக் கேக்கல. எடுத்தாளா?"

நீ ஜன்னலைப் பார்த்தாய். "ஸ்டேஷன்ல எழுதியே வச்சிருந்தாங்க. கையெழுத்து மட்டுந்தான் போட்டேன். கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் எல்லாம் சரி பண்ணிக்கலாம்" என்றாய்.

ஒருத்தியை முதுகில் குத்திவிட்டுக் கல்யாணம் முடிந்து சரி செய்கிறேன் என்கிறவனிடம் என்ன பேசுவது. கிளம்பினேன். படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கிறது என்றேன்.

மிஞ்சிப்போனால் ஃபைன் என்று நீ சொன்னது பொய். ஒரு மனிதரின் கண் போயிருக்கிறது. அவள் பெயரில் அது நின்றால் எத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார், உனக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாய். அவள் மேல் கேஸ் நின்றுவிட்டால் பிள்ளைகள் எல்லோரும் சிதறிவிடுவார்கள், அந்தப் புதுக் குழாயைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்பது உன் கம்பெனிக்குத் தெரியும். உனக்கு வேலை கொடுத்தது நீ படித்த படிப்புக்காக என்றா நினைத்துக்கொண்டிருக்கிறாய்? உன் கையெழுத்துக்காகக் கொடுத்தார்கள். அந்த வேலை முடிந்துவிட்டால் உன்னை அங்கே எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று ராஜமாணிக்கத்திடம் போய்க் கேள்.

வீட்டிலும் இதனால் சண்டைதான். நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்றதும் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். "பெத்த புள்ளய ஜெயிலுக்கு அனுப்பப் போறியா? உன்ன ஊருல இன்னான்னு பேசுவாங்க?" என்று கேட்டார். மாமன் மச்சான் உறவெல்லாம் வீட்டுக்கு வந்து எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போயிற்று. யாரோ ஒரு பெண்ணுக்காக, அதுவும் நம் சனமே இல்லாத பெண்ணுக்காக, சொந்த ரத்தத்தை விட்டுக் கொடுக்கிறாயே என்றார்கள். அவர்களுக்கு நான் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். நீ ஒரு தப்புச் செய்துவிட்டு அதற்காக ஜெயிலுக்குப் போனால் மாதாமாதம் மனுப் போட்டு உன்னை வந்து பார்ப்பேன். உனக்குப் பிடித்த எள்ளுருண்டை செய்து எடுத்து வருவேன், உள்ளே விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்து நானே தின்றுவிட்டு வருவேன். வெளியே வரும்போது கூட்டிப்போக நிற்பேன். உன் இடத்தில் அவளை அனுப்பிவிட்டு நீ மாலை போட்டுக்கொண்டு மணமேடையில் உட்கார்ந்தால், அட்சதை போட என் கை வராது. கல்யாணத்துக்கு அப்பா வருவார். நான் வரமாட்டேன்.

நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண் ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். "அத்த, ஒங்களுக்கு என்னப் புடிக்கலயா? ஏன் ஒரு தடவகூட வரல?" என்று கேட்டாள். நல்ல குரல். அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை என்றேன். மற்றதை நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும், தாலி கட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். தெரிந்தபிறகு அவள் உன்னைக் கட்டிக்கொண்டால் அது அவள் இஷ்டம். தெரியாமல் கட்டிக்கொண்டால் அதுவும் ஒரு மோசடிதான். உன்னோடு வாழப்போகிறவள், ஒரு பெண்ணின் பெயரை உன்னால் எப்படி விற்க முடிந்தது என்று தெரிந்துகொண்டு வாழட்டும்.

தாய் சபிக்கக் கூடாது என்று அப்பா சொல்கிறார். நான் சபிக்கவில்லை. என் கோபத்தை அப்படியே உன்னிடம் தருகிறேன், அதில் ஒரு சொட்டுக்கூடக் குறைக்கவில்லை. பிள்ளையை நினைத்து அழுதாயா என்று சுந்தரின் அம்மா என்னிடம் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். நீ என்ன செய்கிறாய் என்று பார்த்துவிட்டு அழலாம் என்றிருக்கிறேன்.

நான் பார்த்ததை வக்கீலிடம் சொன்னபோது, அவர் இரண்டு தடவை யோசித்துக்கொள்ளச் சொன்னார். பெற்ற தாயே வந்து சொல்லும்போது ஜட்ஜ் நம்புவார், அப்புறம் பின்வாங்க முடியாது அம்மா, உங்கள் மகன்மேல் பொய்ச்சாட்சிக் கேஸும் சேர்ந்து வரும் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். ஜெசிமா இதைக் கேள்விப்பட்டு கடைக்கு ஓடி வந்தாள். நான் பானையிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன், என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். தனக்காக இதைச் செய்ய வேண்டாம், வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றாள். அவளிடம் நான் சொன்னேன்: உனக்காக மட்டும் இல்லம்மா, நான் பாத்தத நான் சொல்றேன், அவ்வளவுதான். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். வாக்குமூலம் தெரிந்த நாளிலிருந்து அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

பிள்ளைகள் இப்போதும் கூடுகிறார்கள். நீ விட்டுப்போன இடத்தில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் நின்று பேசுகிறாள். புகை வந்த அன்று வாந்தி எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. போன கிராமசபையில் புதுக் குழாயைப் பற்றி அவள் கேட்ட கேள்விக்கு உன் கம்பெனியிலிருந்து வந்தவரால் பதில் சொல்ல முடியவில்லை, போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ இல்லாததால் அங்கே எதுவும் நின்றுபோகவில்லை. இதை உன்னை வருத்தத்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை முதலில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம் ஜெசிமா இருப்பாள், இன்னொரு பக்கம் ராஜமாணிக்கம் இருப்பார், அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீ கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார். பார்த்துக்கொண்டே சொல். உண்மையைச் சொன்னால் எனக்கு அங்கே வேலை இல்லை, உன் பின்னாலேயே நடந்து வருவேன், போலீஸ் வண்டிவரைக்கும் வருவேன். அந்தப் பொய்யையே சொன்னாலும் நான் எழுந்து போகமாட்டேன், முழுவதையும் உட்கார்ந்து கேட்பேன். அடுத்த வாய்தாவில் அதே கூண்டில் நான் ஏறுவேன். கல்லை எறிந்தது யார் என்று கேட்பார்கள். உன் பெயரைச் சொல்வேன். அவனுக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன்.

உன் அம்மா